ஐம்பதிலும் வளைகிறது மூளை!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் பழமொழி இது.

படிப்பு ஏறாத பையனைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள். வயதான பிறகு எழுத்துக் கற்க ஆசைப்படும் தாயைப் பார்த்துச் சொல்கிறார்கள். பக்கவாதத்தில் கை விழுந்துபோன பெரியவரைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், மனதுக்குள் சொல்லிக் கொள்கிறார்கள்.

விஞ்ஞானிகளும் நெடுங்காலம் இதையேதான் சொன்னார்கள். மூளை சிறு வயதில் வளர்கிறது. வளர்ந்து முடிந்தால் அது கட்டி முடித்த வீடு போன்றது. பிறகு புதிய அறை கட்ட முடியாது. சுவர் இடிந்தால் இடிந்ததுதான் என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு இப்போது மாறிவிட்டது.

மூளை கட்டி முடித்த வீடு அல்ல. கடைசி மூச்சு வரை வேலை நடந்துகொண்டே இருக்கும் வீடு. இதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

இது டாக்டர்களுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. "இனி என்ன செய்து என்ன பயன்?" என்று கைவிடப்பட்ட ஒவ்வொருவரையும் பற்றிய செய்தி.

பழைய தீர்ப்பு வந்தது எப்படி?

1861-ம் ஆண்டு. பாரிஸ் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த ஒரு நோயாளிக்குப் பிறர் பேசுவது புரியும். ஆனால் அவர் வாயிலிருந்து "டான்" என்ற ஒரே ஒலிதான் வரும். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார்.

அவர் இறந்த பிறகு, பால் புரோக்கா என்ற டாக்டர் அவருடைய மூளையைப் பரிசோதித்தார். இடது பக்கத்தில், முன்புறமாக, ஓர் இடம் பழுதாகி இருந்தது. பேச்சுக்கு உரிய இடம் அது என்று புரோக்கா முடிவு செய்தார்.

அதன் பிறகு, மூளையைத் தேசப்படம் போல வரையத் தொடங்கினார்கள். இது பேச்சுக்கு, இது பார்வைக்கு, இது கை அசைவுக்கு என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேலை குறிக்கப்பட்டது.

ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ கஹால் மூளையின் நரம்பு அணுக்களை நுணுக்கமாக ஆராய்ந்து, 1906-ல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்த மனிதனின் மூளையில் நரம்புப் பாதைகள் மாறுவதில்லை. அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்று அவர் எழுதினார். பெரியவர் சொன்ன சொல். அதை எதிர்த்துப் பேச நெடுநாள் ஆள் இல்லை.

உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையைத் திறந்து பார்க்காமல், அது வேலை செய்வதைக் காண அன்று வழியும் இல்லை.

மண்டையைத் திறக்காமல் பார்க்கும் கருவி

1990-களின் தொடக்கத்தில் அந்த வழி கிடைத்தது.

எம்.ஆர்.ஐ. என்ற காந்தக் கருவியைப் பலர் ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பார்கள். நோயாளியை ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். அதே கருவியைக் கொண்டு, மூளையின் எந்தப் பகுதிக்கு எப்போது ரத்தம் அதிகமாக ஓடுகிறது என்றும் பார்க்கலாம். எந்தப் பகுதி உழைக்கிறதோ, அங்கே ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. அதைக் கொண்டு, இன்ன வேலைக்கு இன்ன பகுதி உழைக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் ஒரு வித்தையைக் கற்பதற்கு முன்பு ஒரு படம் எடுக்கலாம். கற்ற பின்பு மறு படம் எடுக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், மூளை மாறியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்தபோதுதான் ஆச்சரியங்கள் வெளிப்பட்டன.

லண்டன் டாக்சி டிரைவர்கள்

லண்டன் நகரில் கறுப்பு டாக்சி ஓட்ட லைசென்சு வாங்குவது எளிதல்ல. நகரின் மையத்தைச் சுற்றியுள்ள சுமார் 25 ஆயிரம் தெருக்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகச் சொன்னாலும், படத்தைப் பார்க்காமல் வழி சொல்ல வேண்டும். இதைக் கற்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்.

எலினார் மகுவைர் என்ற பெண் விஞ்ஞானி இந்த டிரைவர்களின் மூளையைப் படம் எடுத்தார். 2000-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று.

மூளையின் உட்புறத்தில், கடல் குதிரை வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. இடங்களையும் வழிகளையும் நினைவில் வைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. டாக்சி டிரைவர்களுக்கு அதன் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. தெருக்களைக் கற்றதால் அது பெருத்ததா? அல்லது அது பெரிதாக உள்ளவர்கள்தான் டாக்சித் தொழிலுக்கு வருகிறார்களா?

இதற்கு விடை காண, தொழில் கற்க வந்த 79 பேரின் மூளையை முதலிலேயே படம் எடுத்து வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தார்கள். 79 பேரில் 39 பேர் பரீட்சையில் தேறினார்கள். தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு வளரவில்லை. தொடக்கத்தில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. 2011-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

சந்தேகம் தீர்ந்தது. வளர்ந்து ஆளான மனிதர்கள் கற்றார்கள்; மூளை மாறியது.

எழுத்து செய்த மாற்றம்

லண்டன் டிரைவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களின் கதி என்ன?

இதற்கு விடை இந்தியாவிலிருந்தே கிடைத்தது.

உத்தரப் பிரதேசத்தில், லக்னோவுக்கு அருகே உள்ள கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத ஆண்களும் பெண்களும் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். சராசரி வயது முப்பதுக்குச் சற்று மேல். அவர்கள் பேசும் மொழி இந்தி. ஆனால் அந்த மொழியின் எழுத்து அவர்களுக்குத் தெரியாது.

அவர்களில் 21 பேருக்கு ஆறு மாதம் எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். கற்பதற்கு முன்பும் பின்பும் மூளையைப் படம் எடுத்தார்கள். ஜெர்மனி, நெதர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி இது. 2017-ல் முடிவு வெளியாயிற்று.

ஆறு மாதத்தில் அவர்கள் முதல் வகுப்புக் குழந்தை அளவுக்குப் படிக்கத் தொடங்கினார்கள். மூளையின் மேற்பரப்பில் மட்டும் அல்ல, அடி ஆழத்தில் உள்ள பகுதிகளிலும் மாற்றம் தெரிந்தது. கண்ணுக்கு வரும் காட்சிகளைப் பொறுக்கி எடுத்து, மேலே அனுப்பும் பகுதிகள் அவை. அவை பார்வைப் பகுதியோடு முன்பைவிட நெருக்கமாக இணைந்து வேலை செய்தன.

ஆறே மாதம்! முப்பது வயதுக்கு மேல்!

இதற்கு முன்பே, 2010-ல், பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்தனிஸ்லாஸ் தேஹேன் குழுவினர் போர்ச்சுகல், பிரேசில் நாடுகளைச் சேர்ந்த 63 பேரை ஆராய்ந்தார்கள். சிலருக்கு எழுத்தே தெரியாது. சிலர் சிறு வயதில் படித்தவர்கள். 22 பேர் பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்கள்.

படிக்கத் தெரிந்தவர்களின் மூளையில், இடது பக்கம் பின்புறமாக, எழுத்தைக் கண்டதும் விழித்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. வயது வந்த பிறகு கற்றவர்களுக்கும் அந்த இடம் விழித்துக்கொண்டது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5 ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பேசுவதற்கு ஏற்றபடி பிறக்கும் மனிதன், படிப்பதற்கென்று ஓர் உறுப்போடு பிறப்பதில்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியின் அருகே, எழுத்துக்கென்று மூளை புதிதாக இடம் ஒதுக்குகிறது.

இந்த வரியைப் படிக்கும் ஒவ்வொருவர் மூளையிலும் இப்போது அந்த இடம் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை யாரும் பிறக்கும்போது கொண்டு வரவில்லை. கற்றுச் சம்பாதித்தது அது.

மூளை வளைவது எப்படி?

மனித மூளையின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. அதில் உள்ள நரம்பு அணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. முன்பு 10 ஆயிரம் கோடி என்று சொல்லி வந்தார்கள். பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் 2009-ல் எண்ணிக் கணக்கிட்டு, இந்தத் தொகையைச் சொன்னார்கள்.

ஒவ்வோர் அணுவும் ஆயிரக்கணக்கான மற்ற அணுக்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. கற்பது என்பது இந்தத் தொடர்புகளில் நடக்கும் மாற்றமே.

வயற்காட்டு ஒற்றையடிப் பாதையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். முதல் நாள் ஒருவர் நடந்தால் புல் மட்டும் சாய்கிறது. நாள்தோறும் நடந்தால் தடம் விழுகிறது. பலர் நடந்தால் வண்டிப் பாதை ஆகிறது. யாரும் நடக்காவிட்டால் புல் மூடிவிடுகிறது.

மூளையிலும் அப்படித்தான். அடிக்கடி பயன்படும் தொடர்பு பலப்படுகிறது. பயன்படாதது தளர்கிறது. திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கத்துக்கு இத்தனை வலிமை இருப்பது இதனால்தான்.

பார்வை பெற்ற சிறுவர்கள்

பழைய தீர்ப்பு வெறும் ஏட்டில் இருந்த கருத்து அல்ல. அது பலரின் வாழ்வையே பாதித்தது.

1960-களில் ஹியூபல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக் குட்டிகளை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். பிறந்த சில மாதங்கள் ஒரு கண்ணை மூடி வைத்தால், பிறகு திறந்தாலும் அந்தக் கண்ணால் மூளை பார்ப்பதில்லை. கண்ணில் பழுது இல்லை. மூளைதான் கற்கத் தவறியது. இருவரும் 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதிலிருந்து, பிறவியிலேயே கண்புரையோடு பிறந்து பல ஆண்டு பார்வையின்றி வளர்ந்த பிள்ளைக்கு ஆபரேஷன் செய்தும் பயன் இல்லை என்ற எண்ணம் பரவியது. "காலம் கடந்துவிட்டது" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்புவது வழக்கமாயிற்று.

இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். வட இந்தியாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். திட்டத்தின் பெயர் "பிரகாஷ்".

எட்டு வயது முதல் பதினேழு வயது வரை உள்ள ஐந்து பேரிடம் நடந்த சோதனை 2011-ல் வெளியாயிற்று. ஆபரேஷன் ஆனதும், கையால் தடவிப் பார்த்த பொருளைக் கண்ணால் கண்டு அடையாளம் சொல்ல அவர்களால் முடியவில்லை. மூளைக்கு அந்தக் காட்சி புதிது. ஆனால் பின்னர் மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் நன்றாகவே அடையாளம் சொன்னார்கள். சிலருக்கு ஒரு வாரமே போதுமானதாக இருந்தது.

மற்றவர்களைப் போல முழுக் கூர்மையான பார்வை அவர்களுக்கு வரவில்லை. ஆனாலும் பொருள்களையும் முகங்களையும் அறியும் அளவுக்குப் பிள்ளைகள் முன்னேறினார்கள். காலம் கடந்துவிட்டது என்ற சொல்லை நம்பியிருந்தால், அந்த வெளிச்சமும் கிடைத்திருக்காது.

விழுந்த கை எழுந்தது

பக்கவாதத்திலும் இதே கதை.

பக்கவாதம் என்பது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவதால், அல்லது வெடிப்பதால் வருவது. கை விழுந்துவிட்டால், நோயாளி நல்ல கையாலேயே எல்லா வேலையும் செய்யப் பழகிக் கொள்கிறார். வீட்டாரும் "பாவம், சிரமப்பட வேண்டாம்" என்று ஊட்டிவிடுகிறார்கள். விழுந்த கை சும்மாவே கிடக்கிறது. பாதையில் புல் முளைத்துவிடுகிறது.

அமெரிக்க விஞ்ஞானி எட்வர்டு டாப் இதற்கு நேர்மாறான வழியைச் சொன்னார். நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிவிட வேண்டும். விழுந்த கையையே நாள் முழுதும் வேலை வாங்க வேண்டும் என்றார்.

அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. பக்கவாதம் வந்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆனவர்கள் அவர்கள். இரண்டு வாரம் கடுமையான பயிற்சி. இந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட இவர்கள் கையை நன்றாகப் பயன்படுத்தினார்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. 2006-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதாவது அசைய வேண்டும். டாக்டர் சொல்லாமல் வீட்டில் நல்ல கையைக் கட்டிவிடக் கூடாது.

எல்லாமே மாறுமா?

மாறாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமையாகும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் புகழ்பெற்றவர் டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன். கை இழந்தவர்களை அவர் ஆராய்ந்தார். இல்லாத கை இருப்பது போலவும் வலிப்பது போலவும் அவர்களில் பலருக்குத் தோன்றும். சிலருக்கு முகத்தைத் தொட்டால், இழந்த கையைத் தொடுவது போல இருந்தது. மூளையில் கைக்கு உரிய இடத்தை அண்டையில் உள்ள முகத்தின் பகுதி பிடித்துக் கொள்கிறது என்று அவர் 1990-களில் விளக்கம் சொன்னார். பலரும் அதை ஏற்றார்கள்.

2025-ல் வந்த ஓர் ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது. கையை எடுக்க வேண்டியிருந்த மூன்று பேருக்கு, எடுப்பதற்கு முன்பும் பின்பும் மூளையைப் படம் எடுத்தார்கள். கை போன பிறகும், கைக்கு உரிய இடம் மூளையில் அப்படியே இருந்தது. வீட்டை விட்டுப் போனவருக்காக அறையைப் பூட்டி வைத்திருப்பது போல, மூளை அந்த இடத்தைக் காத்து வைத்திருக்கிறது. செயற்கைக் கையை மூளையின் கட்டளையால் இயக்க முயல்வோருக்கு இது நம்பிக்கை தரும் செய்தி.

ஆகவே, மூளை இஷ்டப்படி பிசையும் களிமண் அல்ல. சில பகுதிகள் எளிதில் மாறும். சில பகுதிகள் பிடிவாதமாக இருக்கும். இளமையில் கற்பது இன்றும் எளிது. ஐந்தில் வளைப்பதன் அருமை குறையவில்லை. ஐம்பதில் வளையவே வளையாது என்பதுதான் பொய்யாயிற்று.

ஏமாற்றுக்காரர்கள் ஜாக்கிரதை!

புதிய உண்மை வந்தால், அதை வைத்து வியாபாரம் செய்பவர்களும் வந்துவிடுகிறார்கள்.

"மனிதன் மூளையில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் பயன்படுத்துகிறான், மீதியை நாங்கள் திறந்து தருகிறோம்" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். இது முழுப் பொய். மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் வேலை உண்டு. தூங்கும்போதும் மூளை ஓய்ந்து கிடப்பதில்லை.

மூளைக்குப் பயிற்சி தரும் விளையாட்டு என்று விற்ற ஓர் அமெரிக்கக் கம்பெனி, மறதி நோய் வராமல் தடுக்கலாம் என்பது போல விளம்பரம் செய்தது. சரியான ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு அரசாங்க அமைப்பு நடவடிக்கை எடுத்தது. கம்பெனி 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

டாக்சி டிரைவர் மூன்று ஆண்டு உழைத்தார். கிராமத்துப் பெண் ஆறு மாதம் உழைத்தார். உழைப்பு இல்லாமல் மூளையை மாற்றும் மாத்திரையோ தைலமோ இல்லை.

பொறுப்பு யாருக்கு?

மூளை மாறும் என்று தெரிந்த பிறகு, "காலம் கடந்துவிட்டது" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள முடியாது. பொறுப்பு சமூகத்தின் தலையில் விழுகிறது.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண்களில் இது ஏறத்தாழ 35. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேருக்கு எழுத்தறிவு தர, மத்திய அரசாங்கம் 2022-ல் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு இந்த முயற்சி புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தையும் கற்றார்கள். சைக்கிள் விடவும் கற்றார்கள்.

இப்படிப்பட்ட முயற்சிகளை இனி தருமம் என்று நினைக்கக் கூடாது. கற்கும் திறன் மூளையில் இருக்கிறது. கற்பிக்க ஆளும் நேரமும் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

பக்கவாத நோயாளிக்கும் இதே நியாயம் உண்டு. உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினால் போதாது. பிறகு தேவைப்படும் உடற்பயிற்சிச் சிகிச்சை ஏழைக்கும் எட்ட வேண்டும். எட்டாத இடத்தில், "நீ முயற்சி செய்யவில்லை" என்று நோயாளியைக் குறை சொல்வது அநியாயம். மூளை தானாக வளைவதில்லை. ஆசிரியர், சிகிச்சை, நேரம், பணம் எல்லாம் சேர்ந்தால்தான் வளைகிறது.

குடும்பத்தார் அறிய வேண்டியவை

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். கண்டால், அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் போனால் இன்னும் நல்லது.

மறதி நோய் பற்றி ஆராய்ந்த சர்வதேச நிபுணர் குழு, 2024-ல் 14 காரணங்களைக் குறிப்பிட்டது. இவற்றைக் கவனித்தால், உலகில் ஏறத்தாழ பாதி அளவு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும் என்று கூறியது. குறைந்த படிப்பு, காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, மது, உடல் உழைப்பு இல்லாமை, தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

தனிமையும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தாத்தாவுக்குக் காது கேட்கவில்லை என்று பேச்சை நிறுத்திவிடுவது மூளைக்குச் செய்யும் கெடுதல். காதுக்குக் கருவி வாங்கித் தந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மருந்துக்குச் சமம்.

ஐம்பது வயதுத் தாய் சிலேட்டை எடுத்தால் சிரிக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து "அ" எழுதிக் காட்ட வேண்டும். முதல் நாள் கை நடுங்கும். மறுநாளும் கோணலாகத்தான் வரும். ஆனால் அதற்குள்ளாகவே, யார் கண்ணுக்கும் தெரியாமல், மூளைக்குள் ஒரு பாதை விழத் தொடங்கியிருக்கும்.